ஈறின் உணர்நரம்பு செல்களைக் கண்டுபிடித்து, அவை பேசும் வேதிப்பொருளை அறிவது எப்படி?

ஈறிலிருந்து ஒரு துண்டை வெட்டி நிறமேற்றிப் பார்த்தால் மெல்லிய நரம்பிழைகள் நிறையத் தெரியும். பல்லோடு ஒட்டும் எபிதீலியம் என்ற மேற்படலத்துக்குள்கூட அவை நுழைந்திருக்கும். அந்த இழைகளின் செல் உடலோ அங்கே இல்லை. கபாலத்தின் தரையில், முக்கிளை நரம்பு முடிச்சுக்குள் இருக்கிறது. ட்ரைஜெமினல் கேங்லியன் என்று நாங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்வது அதைத்தான். முகத்தோல், உதடு, மூக்கு, கண், பல், நாக்கு என எல்லாவற்றின் உணர்செல்களும் அந்த ஒரே முடிச்சில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் எது ஈறுடையது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் கடினமான பாதி. அது என்ன பெப்டைடு (செல் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டு) வைத்திருக்கிறது என்று பார்ப்பது எளிய பாதி.

நான் பல் மருத்துவம் படித்து, ஈறு நோயில் முதுகலை முடித்து, பிறகு நரம்பியல் கூடத்துக்கு வந்தவள். புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோரும், குறிப்பிட்ட பெப்டைடில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடிகளைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் ஊசியிலிருந்து தொடங்குவேன். இந்தக் குறிப்பும் அந்த வரிசையில்தான் போகிறது. எலியில் செய்யும் முறை இது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறது, மயக்க மருந்தும் வலி நிவாரணியும் முறையாகத் தருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எந்த ஈறு?

"ஈறு" என்று பொதுவாகச் சொல்லி வேலையைத் தொடங்க முடியாது. மேல்தாடையில் கன்னப்பக்க ஈறுக்கு சுப்பீரியர் ஆல்வியோலார் நரம்புகளும் இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பின் கிளைகளும் வருகின்றன. அண்ணப்பக்க ஈறுக்குப் பெரிய அண்ண நரம்பும், முன்பகுதியில் நேசோபாலட்டைன் நரம்பும் வருகின்றன. கீழ்த்தாடையில் நாக்குப்பக்கம் லிங்குவல் நரம்பின் பொறுப்பு. கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கம் பக்கல் நரம்பின் பொறுப்பு. முன்பக்கம் மென்டல் நரம்பு. பற்களுக்கு இடையில் உயர்ந்து நிற்கும் பாப்பில்லாவுக்குத் தாடை எலும்புக்குள்ளிருந்தே கிளைகள் வருகின்றன.

எலிக்கு வாயின் ஒவ்வொரு காற்பகுதியிலும் ஒரு வெட்டுப்பல்லும் மூன்று கடைவாய்ப் பற்களும்தான் உண்டு. வெட்டுப்பல்லின் அருகே ஊசி போடாதீர்கள். நடுக்கோட்டுக்கு அருகில் நரம்புகள் மறுபக்கமும் கடக்கும், பிறகு எதிர்ப்பக்க முடிச்சை ஒப்பீட்டுக்கு வைக்க முடியாது. என் தேர்வு மேல் முதல் கடைவாய்ப் பல்லின் அண்ணப்பக்க ஈறு. அங்கே திசு எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. திரவம் எளிதாகப் பரவாது. கன்னப்பக்கத்தில் போட்டால் நிறம் உதட்டுக்கோ மீசைத் திண்டுக்கோ கசியும் வாய்ப்பு உண்டு. எலியின் மீசைமயிர்களுக்கு வரும் இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பு மிகப் பெரியது. அங்கே ஒரு சிறு கசிவு போதும், ஈறின் சில பத்துச் செல்கள் மீசையின் நூற்றுக்கணக்கான செல்களுக்குள் தொலைந்துபோகும்.

ஊசி

பின்னோக்கிப் பயணிக்கும் நிறங்களில் நான் ஃப்ளூரோகோல்டைப் பயன்படுத்துகிறேன். நரம்பு நுனி அதை உறிஞ்சி, ஆக்சான் என்ற நீண்ட இழை வழியாகச் செல் உடல் வரை கொண்டு சேர்க்கும். 1986ல் அறிமுகமான பொருள். ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தினாலும், டிடர்ஜென்ட் போட்டுக் கழுவினாலும் தாக்குப்பிடிக்கிறது. டைஐ என்ற கொழுப்பில் கரையும் நிறம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆன்டிபாடி உள்ளே நுழைய நாம் ஊற்றும் டிரைட்டன் என்ற டிடர்ஜென்ட் அதைச் செல்லிலிருந்து கரைத்து வெளியேற்றிவிடும். ஆகவே பெப்டைடு நிறமேற்றம் திட்டத்தில் இருந்தால் சாதாரண டைஐ வேண்டாம்.

4 சதவீதக் கரைசல், சலைன் என்ற உப்புநீரில். ஒரு இடத்துக்கு 0.5 மைக்ரோலிட்டருக்கு மேல் போகாதீர்கள். இந்த அளவை மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். செல்கள் குறைவாகத் தெரியுமே என்று பயப்படுவார்கள். குறைவாகத் தெரியட்டும். தெரிபவை ஈறின் செல்களாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். 10 மைக்ரோலிட்டர் ஹாமில்டன் சிரிஞ்சின் முனையில் இழுத்துக் கூராக்கிய கண்ணாடி நுண்குழாயைப் பொருத்துங்கள். உலோக ஊசிதான் இருக்கிறது என்றால் 33 கேஜ். தடித்த ஊசி எலும்புறையைக் கிழித்து, பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள பெரியோடான்டல் லிகமென்டுக்குள் நிறத்தைத் தள்ளிவிடும்.

எலியை மல்லாக்கக் கிடத்தி வாயைத் திறந்து நிறுத்துங்கள். ஈறின் மேற்பரப்பை உலர்த்துங்கள். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் அடியில் ஈறு விளிம்புக்குச் சற்றுக் கீழே, சாய்வாக, முனை எலும்பைத் தொடாமல் நுழையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்துங்கள். ஈறு வெளுத்துப் புடைப்பது தெரியும். செலுத்தி முடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் ஊசியை அப்படியே வைத்திருங்கள். வெளியே எடுக்கும்போது ஒரு துளி வழிந்தால் பஞ்சால் ஒற்றி, சலைனால் கழுவுங்கள். எச்சிலோடு கலந்து நாக்குக்கோ கன்னத்துக்கோ போகவிடக் கூடாது. வழிந்ததா இல்லையா என்பதை அந்த எலியின் பதிவில் உடனே எழுதுங்கள். பின்னால் முடிவுகளைப் பார்த்த பிறகு நினைவிலிருந்து எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை.

நிறம் வேறெங்கும் போகவில்லை என்று காட்டுவது

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈறில் தசை இல்லை. இந்த ஒரு உண்மையை நான் பெரிதும் நம்பியிருக்கிறேன். நிறம் உதட்டுத் தசைக்கோ கன்னத் தசைக்கோ போயிருந்தால் மூளைத்தண்டில் முகத் தசைகளை இயக்கும் ஃபேஷியல் மோட்டார் நியூக்ளியஸ் செல்கள் ஒளிரும். நாக்குக்குள் போயிருந்தால் நாக்கை இயக்கும் ஹைப்போகிளாசல் நியூக்ளியஸ் ஒளிரும். இரத்தத்தில் கலந்திருந்தால் இரண்டும் ஒளிரும், எதிர்ப்பக்க முடிச்சிலும் செல்கள் தெரியும். ஆகவே முடிச்சை மட்டும் எடுத்துவிட்டு மூளையைக் குப்பையில் போடாதீர்கள். மூளைத்தண்டையும் வெட்டிப் பாருங்கள். மோட்டார் செல்கள் ஒளிரும் எலியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், எத்தனை நீக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அதே மூளைத்தண்டில் மீசென்செஃபாலிக் ட்ரைஜெமினல் நியூக்ளியஸையும் பாருங்கள். உணர்செல்கள் மூளைக்குள்ளேயே குடியிருக்கும் விசித்திரமான இடம் அது. மெல்லும் தசைகளின் நீட்சியையும், பெரியோடான்டல் லிகமென்டின் அழுத்தத்தையும் உணரும் செல்கள் அங்கே உண்டு. அங்கே நிறைய ஒளிர்ந்தால் உங்கள் ஊசி லிகமென்டுக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். தாடையைக் கால்சியம் நீக்கி வெட்டி, ஊசி போட்ட இடத்தை நேரில் பார்த்தால் சந்தேகம் தீரும். கால்சியத்தைப் பிரித்தெடுக்கும் ஈடிடிஏவில் சில வாரங்கள் ஊறவேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் ஒவ்வொரு எலிக்கும் செய்யுங்கள்.

இன்னும் ஒரு ஒப்பீடு உண்டு. வேறு சில எலிகளுக்கு அதே அளவு நிறத்தை ஊசியில்லாமல் ஈறின் மேல் சொட்டாக வைத்து, ஊசிக்கு எடுத்த அதே நேரம் வைத்திருந்து துடைத்துவிடுங்கள். அவற்றின் முடிச்சு இருட்டாக இருக்க வேண்டும்.

காத்திருப்பும் வெட்டும்

நான்கு முதல் ஏழு நாள் போதும். ஈறிலிருந்து முடிச்சுக்குத் தூரம் சில சென்டிமீட்டர்தான். நிறம் விரைவில் போய்ச் சேர்ந்துவிடும், செல்லில் போதுமான அளவு சேரத்தான் இந்த நாட்கள். வாரக்கணக்கில் விடாதீர்கள், ஃப்ளூரோகோல்டு செல்லுக்கு நஞ்சாகத் தொடங்கும்.

ஆழ்ந்த மயக்கத்தில் இதயத்தின் வழியாக முதலில் சலைன், பிறகு 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் கரைத்த 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, பி.எச். 7.4. மூளையைத் தூக்கியதும் கபாலத் தரையில் இருபுறமும் நீளமாக, வெண்மஞ்சளாகப் படுத்திருப்பவை முடிச்சுகள். மேலுறையைக் கவனமாக நீக்கி, நரம்புக் கிளைகளின் அடிப்பாகம் சிறிது ஒட்டியிருக்கும்படி வெட்டி எடுங்கள். அப்போதுதான் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பிறகு தெரியும். அதே கரைசலில் இரண்டு முதல் நான்கு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அதிகம் ஊறினால், பின்னால் நாம் தேடப்போகும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடின் ஆன்டிபாடி நிறம் மங்கிவிடும். பிறகு 30 சதவீத சுக்ரோஸ் கரைசலில், அடியில் மூழ்கும் வரை.

உறையவைத்து மெல்லிதாகச் சீவும் கிரையோஸ்டாட்டில் கிடைமட்டமாக வெட்டுங்கள். நீளவாக்கில் முழு முடிச்சும் ஒரே வெட்டில் கிடைக்கும். கண், மேல்தாடைப் பகுதிகளின் செல்கள் முன்-உட்புறமும், கீழ்த்தாடைப் பகுதியின் செல்கள் பின்-வெளிப்புறமும் இருக்கும். மேல் ஈறில் ஊசி போட்டுவிட்டுக் கீழ்த்தாடைப் பகுதியில் செல்கள் ஒளிர்ந்தால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். தடிமன் 12 மைக்ரான். ஐந்து தொகுதிகளாக ஸ்லைடுகளில் பரப்புங்கள்: முதல் வெட்டு முதல் தொகுதிக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு, ஆறாவது மீண்டும் முதலுக்கு. இதனால் ஒரே தொகுதியில் அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே 60 மைக்ரான் தூரம் இருக்கும், ஒரே செல்லை இரண்டு முறை எண்ணும் ஆபத்து ஏறக்குறைய இல்லை. ஐந்து தொகுதிகளுக்கும் வெவ்வேறு ஆன்டிபாடி போடலாம் என்ற வசதியும் கிடைக்கிறது.

எந்த வேதிப்பொருள்?

சிஜிஆர்பியிலிருந்து தொடங்குங்கள். கால்சிட்டோனின் மரபணுவின் ஆர்என்ஏ வேறு விதமாகத் துண்டித்து ஒட்டப்படும்போது உருவாகும் 37 அமினோ அமிலப் பெப்டைடு இது. 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஈறுக்கு வரும் உணர்செல்களில் எளிதாகவும் தெளிவாகவும் தெரியும் பெப்டைடு இதுதான். இரத்தக்குழாய்களை நீண்ட நேரம் விரிய வைப்பது இதன் குணம். எலியில் இதன் ஆல்ஃபா, பீட்டா வடிவங்களுக்கு இடையே ஒரே ஒரு அமினோ அமில வேறுபாடுதான், ஆன்டிபாடி இரண்டையும் பிரிக்காது. ஆகவே "ஆல்ஃபா சிஜிஆர்பி கண்டேன்" என்று நிறமேற்றத்தை வைத்து எழுதாதீர்கள்.

அடுத்தது சப்ஸ்டன்ஸ் பி. 1931ல் ஃபான் ஆய்லரும் கேடமும் கண்டறிந்தது, 11 அமினோ அமிலங்கள். குழாய்ச் சுவரைக் கசியவைத்துப் பிளாஸ்மாவைத் திசுவுக்குள் இறக்குவது இதன் முக்கிய வேலை. என்கே1 ஏற்பி வழியாக நடக்கிறது. இதே மரபணுவிலிருந்துதான் நியூரோகைனின் ஏவும் வருகிறது. இந்தக் குடும்பத்தின் வால்பகுதி ஒரே மாதிரி இருப்பதால் சப்ஸ்டன்ஸ் பி ஆன்டிபாடி நியூரோகைனின் ஏவையும் பிடிக்கக்கூடும். ஆன்டிபாடியைச் சப்ஸ்டன்ஸ் பி பெப்டைடோடு முன்கூட்டிக் கலந்து நிறம் மறைகிறதா என்று பார்ப்பது வழக்கம். நியூரோகைனின் ஏவோடும் தனியே கலந்து பாருங்கள். சப்ஸ்டன்ஸ் பி உள்ள செல்களில் பெரும்பாலானவற்றில் சிஜிஆர்பியும் இருக்கும். சிஜிஆர்பி உள்ளவற்றில் பலவற்றில் சப்ஸ்டன்ஸ் பி இருக்காது. உங்கள் படத்தில் இது தலைகீழாக வந்தால் ஏதோ ஒரு ஆன்டிபாடி பொய் சொல்கிறது.

கேலனின், என்பிஒய், விஐபி ஆகிய வேறு மூன்று பெப்டைடுகளை அடிபடாத முடிச்சில் தேடினால் சொற்பமே கிடைக்கும். நரம்பு வெட்டுப்பட்டால் இவை எழும்பும். என்பிஒய் பெரிய செல்களில் எழும்புவது நன்றாக அறியப்பட்டது. ஆகவே ஈறின் செல்களில் என்பிஒய் நிறையத் தெரிந்தால் ஊசி நரம்பைக் காயப்படுத்தியதா என்று முதலில் கேளுங்கள். பெப்டைடு இல்லாத செல்களுக்கு அடையாளம் ஐபி4 லெக்டின், மயலின் உறை உள்ள பெரியவற்றுக்கு நியூரோஃபிலமென்ட் 200, காரத்தையும் சூட்டையும் உணர்பவற்றுக்கு டிஆர்பிவி1. இவற்றையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும்.

ஆன்டிபாடி வாங்கும்போது எந்த விலங்கில் வளர்த்தது என்பதைப் பாருங்கள். சிஜிஆர்பிக்கு முயல், சப்ஸ்டன்ஸ் பிக்குக் கினி பன்றி என்று எடுத்தால் இரண்டையும் ஒரே வெட்டில் போடலாம். சப்ஸ்டன்ஸ் பிக்குப் புகழ்பெற்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்று எலியிலேயே உருவானது. எலித் திசுவில் அதைப் போட்டால், முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிர வேண்டிய இரண்டாம் ஆன்டிபாடி, திசுவின் சொந்த ஆன்டிபாடிகளான இம்யூனோகுளோபுலினையும் பிடித்து எல்லா இடத்திலும் மங்கலாக ஒளிரும். நிறமேற்றத்தின் படிகள் எல்லாக் கூடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே: கழுதை சீரமும் 0.3 சதவீத டிரைட்டனும் கொண்டு ஒரு மணி நேரம், முதல் ஆன்டிபாடி 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுதும், பாஸ்பேட் சலைனில் மூன்று கழுவல், இரண்டாம் ஆன்டிபாடி இருட்டில் இரண்டு மணி நேரம். ஆனால் கருவுக்கு வழக்கமாகப் போடும் டாப்பி என்ற நிறம் வேண்டவே வேண்டாம். அதையும் ஃப்ளூரோகோல்டையும் ஒரே புற ஊதா ஒளிதான் தூண்டும், எது எதென்று தெரியாது. சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாக ஒளிரும் ஃப்ளூரோகோல்டுக்கு நடுவே கரு பெரும்பாலும் இருண்ட வட்டமாகத் தானே தெரியும். சிவப்பும் பச்சையும் பெப்டைடுகளுக்கு.

ஒவ்வொரு முறையும் மூளைத்தண்டில் முகத்தின் வலிச்செய்தி வந்து சேரும் சப்நியூக்ளியஸ் காடாலிஸ் பகுதியின் வெட்டு ஒன்றைக் கூடவே நிறமேற்றுங்கள். அதன் மேலோட்டமான அடுக்குகளில் சிஜிஆர்பியும் சப்ஸ்டன்ஸ் பியும் அடர்ந்த பட்டையாகத் தெரிய வேண்டும். பட்டை இல்லையென்றால் அன்றைய முடிச்சுகளைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் ஆன்டிபாடி இல்லாத வெட்டு ஒன்றும் வேண்டும்.

எண்ணுவது

கரு தெரியும் செல்லை மட்டும் எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. எது "இருக்கிறது", எது "இல்லை" என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல், முதல் ஆன்டிபாடி இல்லாத வெட்டின் செல்களில் சராசரி ஒளிர்வை அளந்து, அதோடு இரண்டு திட்ட விலக்கம் கூட்டிக் கோடு போடுங்கள். கோட்டை எண்ணத் தொடங்கும் முன் போட வேண்டும்.

மொத்த எண்ணிக்கைக்காக ஐந்தால் பெருக்கும்போது, அடுத்தடுத்த இரு வெட்டுகளில் பாதிபாதியாக விழும் கருக்களால் எண் கூடிவிடும். அதற்கு 1946ல் ஆபர்குரோம்பி தந்த திருத்தம் இன்றும் கைகொடுக்கிறது. எண்ணியதை வெட்டின் தடிமனால் பெருக்கி, தடிமனும் கருவின் சராசரி விட்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். ஒரு தொகுதியில் 80 கருக்கள் எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று என்பதால் 400. தடிமன் 12, கருவிட்டம் 10 மைக்ரான் என்றால் 12ஐ 22ஆல் வகுத்து 400ஆல் பெருக்க, சுமார் 218. திருத்தாமல் எழுதும் எண் ஏறக்குறைய இரு மடங்கு. பெரிய செல்களின் கரு பெரிது, அதிக வெட்டுகளில் தலைகாட்டும். ஆகவே சதவீதம் மட்டும் எழுதும்போதும் சிறியவை, பெரியவை எனத் தனித்தனியாகத் திருத்திவிட்டு எழுதுவதே என் பழக்கம். பரப்பு 700 சதுர மைக்ரான் என்றால் விட்டம் ஏறக்குறைய 30 மைக்ரான். அதற்குக் கீழே உள்ளவற்றை நான் சிறியவை என்று வைக்கிறேன்.

புள்ளியியலில் உங்கள் மாதிரியின் அளவு எலிகளின் எண்ணிக்கை. ஒரு எலியிலிருந்து 200 செல் எண்ணினாலும் அது ஒரே எலிதான்.

கண்டதைப் படிப்பது

செல்லில் ஒரு பெப்டைடு தெரியவில்லை என்பதற்காக அந்தச் செல் அதைத் தயாரிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தயாரித்த வேகத்திலேயே நுனிக்கு அனுப்பிவிடும் செல்லின் உடலில் சேமிப்பு குறைவாக இருக்கும். கோல்ச்சிசின் கொடுத்து ஆக்சான் போக்குவரத்தை நிறுத்தினால் பெப்டைடு செல்லில் தேங்கித் தெரியும். ஆனால் அதுவும் நரம்புக் காயத்தைப் போலச் செல்லை மாற்றக்கூடியது, குறிப்பாகக் கேலனின் விஷயத்தில் நம்பகமில்லை. ஆர்என்ஏவைத் தேடும் இன் சிட்டு முறையை அதே வெட்டுகளின் இன்னொரு தொகுதியில் செய்வதையே நான் விரும்புகிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ஈறின் இழையில் ஒரு பெப்டைடு தெரிகிறது என்பதாலேயே அது உணர்நரம்புடையது ஆகாது. குழாய்களைச் சுற்றியுள்ள என்பிஒய் இழைகள் கழுத்திலுள்ள சுப்பீரியர் சர்விகல் முடிச்சிலிருந்து வரும், தானியங்கி நரம்பு மண்டலத்தின் சிம்பதெடிக் நரம்புகள். விஐபி இழைகளில் பல அதன் மறுபிரிவான பாராசிம்பதெடிக். ஊசியில் போட்ட ஃப்ளூரோகோல்டை இவையும் உறிஞ்சும். ஆகவே அந்தக் கழுத்து முடிச்சையும் எடுத்து வெட்டிப் பாருங்கள். அங்கே என்பிஒய்யும் ஃப்ளூரோகோல்டும் ஒரே செல்லில் இருந்தால், ஈறின் என்பிஒய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கையில் இருக்கிறது.

ஈறு நோய் மாதிரியில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். உணர்நரம்பின் நுனி செய்தியை மூளைக்கு அனுப்புவதோடு நிற்பதில்லை, பெப்டைடைத் திசுவிலும் கொட்டுகிறது. நரம்பைப் பின்திசையில் தூண்டினால் குழாய்கள் விரிகின்றன என்று பேலிஸ் 1901லேயே காட்டிவிட்டார். ஈறு வீங்கிச் சிவப்பதில் நரம்புக்கும் பங்கு உண்டு என்பதால்தான் எனக்கு இந்தச் செல்களின் மேல் இத்தனை அக்கறை.

மனிதரில் நிறம் செலுத்த வழியில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஊறும் திரவத்தைக் காகிதப் பட்டையால் 30 வினாடி ஒற்றி எடுத்துப் பெப்டைடை அளக்கலாம். 1990களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் இப்படி அளந்தபோது, அழற்சியுள்ள இடங்களில் சப்ஸ்டன்ஸ் பியும் நியூரோகைனின் ஏவும் கூடியிருந்தன, சிஜிஆர்பி குறைந்திருந்தது. நரம்பு சிஜிஆர்பியைக் கொட்டவில்லை என்று இதை உடனே படித்துவிடக் கூடாது; அந்தத் திரவத்தில் அதைச் சிதைக்கும் நொதிகளும் இருக்கின்றன. நீங்கள் அளக்கப் போவதாக இருந்தால் முதலில் ஈறுக்கு மேலுள்ள பற்படலத்தை மெதுவாக நீக்கி, இடத்தை உலர்த்துங்கள். இரத்தம் பட்ட பட்டையைத் தூக்கிப் போடுங்கள். மீதியைப் பட்டை வாயிலிருந்து வெளிவந்த அந்த நொடியே, நொதித்தடுப்பான் கலந்த பஃபரில், பனிக்கட்டிமேல் வையுங்கள்.